பாடநூலில் இல்லாத கணக்குக்கு விடை கண்ட சிவசங்கரநாராயண பிள்ளை

கிழக்கேகோட்டை (திருவனந்தபுரம்): மேல்நிலைத் தேர்வின் கணித வினாத்தாளில் முன்பின் காணாத கேள்வி ஒன்று வந்துவிட்டால், நன்கு படித்த மாணவர்களும் தடுமாறுவது வழக்கம். அத்தகைய கேள்வியை எவ்வாறு அணுகுவது என்பதற்கு, இந்நகரில் பட்டம் பெற்ற எண்ணியல் அறிஞர் எஸ்.எஸ். பிள்ளையின் பணி சான்றாக விளங்குகிறது.

கிழக்கேகோட்டையிலிருந்து மகாத்மா காந்தி சாலையில் வடக்கே சென்றால், பாளையத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்துள்ளது. அது மகாராஜா கல்லூரி என அழைக்கப்பட்ட காலத்தில் பிள்ளை அங்கு பயின்றார்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901 ஏப்ரல் 5 அன்று செங்கோட்டை அருகேயுள்ள வல்லத்தில் பிறந்தார். ஓராண்டிலேயே தாய் கோமதி அம்மாள் காலமானார். பள்ளி இறுதியாண்டில் தந்தை சுப்பையா பிள்ளையும் மறைந்ததால், படிப்பு நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. அவரது திறனை அறிந்திருந்த சாஸ்திரியார் என்ற ஆசிரியர், தமது ஊதியத்திலிருந்து உதவிப் படிப்பைத் தொடரச் செய்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்த பின், பிள்ளை திருவனந்தபுரத்தில் பட்டம் பெற்றார்.

1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியபோது, இங்கிலாந்துக் கணித அறிஞர் எட்வர்ட் வாரிங் 1770-இல் எழுப்பிய புதிரை அவர் ஆராய்ந்தார். எந்த இயல் எண்ணையும் குறிப்பிட்ட அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத, அதிகபட்சம் எத்தனை எண்கள் தேவை என்பதே அப்புதிர்.

ஆறாம் அடுக்குக்கான விடையைச் சிறிய எண்களில் தொடங்கி ஊகிக்கலாம். 1-இன் ஆறாம் அடுக்கு 1. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. எனவே 703 என்ற எண்ணை 64, 1 ஆகியவற்றைக் கொண்டே அமைக்க முடியும். பத்து 64-கள் 640 ஆகும். மீதி 63-க்கு அறுபத்து மூன்று 1-கள் வேண்டும். ஆக, 73 எண்கள் தேவைப்படுகின்றன. இதுவரை பள்ளி மாணவரும் கணக்கிட்டு விடலாம். வேறெந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று நிறுவுவதே கடினமான பகுதி. அதை 1940-இல் பிள்ளை நிறுவினார்.

சிறிய எண்களில் காணும் ஒழுங்கை மட்டும் நம்பிவிடலாகாது என்பதையும் அவரது மற்றொரு ஆய்வு உணர்த்துகிறது. அடுத்தடுத்து வரும் 2 முதல் 16 வரையிலான முழு எண்களை எங்கிருந்து எடுத்தாலும், மற்ற எவற்றுடனும் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றில் இருக்கும் என்று அவர் நிறுவினார். 17 எண்களை எடுத்தால் இந்த விதி பொய்த்துப் போகிறது. 2184 முதல் 2200 வரையிலான 17 எண்களில் அத்தகைய எண் ஒன்றுகூட இல்லை.

தேர்வறையிலும் இதே முறை பொருந்தும். சிறிய எண்களில் சோதித்தால் கேள்வியின் பொருள் தெளிவாகும். ஆனால் அச்சோதனையே நிரூபணம் ஆகிவிடாது.

1941-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளை, அடுத்த ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராய அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடைபெறவிருந்த சர்வதேச கணித மாநாட்டிலும் பங்கேற்பதற்காக அவர் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் அவர் பயணித்த விமானம் விபத்துக்குள்ளானதில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 49.