ஏற்றிய குதிரையும் மறைந்த குத்தூசியும்

வன்னியிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் துவக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எதுவுமில்லை. காடும் குளமும் கழனியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் இந்நிலத்தில், பன்றியினின்றும் யானையினின்றும் பயிரைக் காக்கப் பரணில் விழித்திருந்த கமக்காரனுக்கு அது மண்வெட்டிக்கும் கத்திக்கும் அடுத்த கருவியாக இருந்தது. பின்னர், 1983 முதல் 2009 வரை நீடித்த போர், அதே கருவியின் வேறு முகங்களையெல்லாம் நமக்குக் காட்டிவிட்டுப் போயிற்று. ஆயினும், அக்கருவிக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்த மனிதரின் வாழ்க்கையை நம்மவரிற் பலர் அறியார். அவர் பெயர் ஜோன் மோசஸ் பிரௌனிங். அவருடைய வரலாற்றை நான் தேடிப் படித்தது அவர் படைத்தவற்றைப் போற்றுவதற்காக அன்று. நெடுநாளாக என் மனத்தில் இருந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகவே.

கேள்வி இதுதான். பழைய வேட்டைத் துவக்கில் விசைக்கு மேலே குதிரை என்றோர் உறுப்பு உண்டு. அதைப் பெருவிரலால் பின்னே இழுத்து ஏற்றினால் உள்ளிருக்கும் வில் விறைத்துக்கொள்ளும், விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து இறங்கும், தோட்டா வெடிக்கும். இருளிலே சருகு சலசலக்கிறது. காவற்காரன் குதிரையை ஏற்றுகிறான். வந்த பன்றியோ மணம் பிடித்துத் திரும்பிவிடுகிறது. ஏற்றிய குதிரையை இனி என்ன செய்வது? பெருவிரலால் அதைப் பிடித்துக்கொண்டே விசையை அழுத்தி, மெல்ல மெல்ல முன்னே இறக்க வேண்டும். பனியில் நனைந்த விரல் வழுக்கினால் வெடிதான். முல்லைத்தீவுக் கிராமங்களில் என் இளமையில் நான் கண்ட முதியவர்கள், இதைச் செய்யும்போது குழலை மண்ணை நோக்கித் தாழ்த்தி, அருகே நின்ற பிள்ளைகளை விலகிப் போகச் சொல்வார்கள். சுடும்போது இல்லாத அச்சம், சுடாமல் விடும்போது அவர்கள் முகத்தில் இருக்கும். உலகத்தின் தலைசிறந்த துவக்குக் கம்மியர் இந்த அச்சத்துக்கு என்ன வழி கண்டார் என்பதே நான் அறிய விரும்பியது.

பிரௌனிங் 1855 ஆம் ஆண்டு சனவரி 23 ஆம் நாள், அமெரிக்காவின் யூட்டாப் பிரதேசத்தில் ஒக்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தை ஜொனத்தன் துவக்குச் செய்வதில் வல்லவர். மோர்மன் சமயத்தவரோடு மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்து வந்து, அவ்வூரிற் பட்டறை வைத்தவர். நம்மூர்க் கம்மாலையில் துருத்தி ஊதும் பையன் இரும்பின் குணத்தை அறிந்துகொள்வதுபோல, பிரௌனிங்கும் தந்தையின் பட்டறையில் கிடந்த உடைந்த உறுப்புகளை எடுத்துப் பொருத்தியே தொழில் கற்றார். ஏறக்குறையப் பத்து வயதில் அவற்றைக் கொண்டே ஒரு துவக்கைச் செய்துவிட்டார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 1879 இல் அவருக்குத் திருமணம் நடந்தது. அதே ஆண்டில் தந்தை காலமானார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவருடைய முதற் காப்புரிமையும் கிடைத்தது. சகோதரர்கள் கூடி, ஒரு தோட்டா இட்டுச் சுடும் அத்துவக்கைத் தம் பட்டறையிலேயே செய்து விற்றார்கள்.

அவற்றுள் ஒன்று வின்செஸ்டர் கம்பனியாரின் கண்ணிற் பட்டது. 1883 இல் அக்கம்பனியின் பெனற் என்பவர் நெடுந்தூரம் பயணஞ் செய்து ஒக்டனுக்கு வந்து, அதன் உரிமையை 8,000 டொலருக்கு வாங்கிச் சென்றார். அன்று தொடங்கிப் பல்லாண்டுகள், அக்கம்பனியின் புகழ்பெற்ற துவக்குகளுட் பல பிரௌனிங்கின் மூளையில் உருவானவை. அவர் கொடுத்த அமைப்புகள் நாற்பதுக்கு மேற்பட்டவை. கம்பனி செய்து விற்றதோ அவற்றுட் சிலவே. மற்றவை போட்டியாளர் கைக்குப் போகாதிருக்க வாங்கிப் பூட்டி வைக்கப்பட்டன. இவ்வளவு பேர் பெற்ற காலத்திலும், 1887 முதல் இரண்டாண்டு பட்டறையை விட்டு நீங்கித் தம் சமயப் பணிக்காக ஊரூராக நடந்தவர் அவர்.

திரும்பி வந்ததும் அவர் கண்ணுக்கு ஒரு சிறு காட்சி தென்பட்டது. சுடும்போது குழலின் வாயிலிருந்து வீசும் காற்று, எதிரே நின்ற புல்லையும் செடியையும் சாய்த்தது. பல்லாயிரம் பேர் கண்டும் காணாத காட்சி அது. வீணாகப் போகும் அந்த வலிமையைப் பிடித்து, வெறுந்தோட்டாவை வெளியே தள்ளவும், அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றவும், வில்லை மறுபடி விறைக்கச் செய்யவும் பயன்படுத்தலாம் என்று அவர் கண்டார். தானே ஏறிக்கொள்ளும் துவக்குகளுக்கு அவர் வகுத்த வழி இங்கே தொடங்கியது. மனிதன் ஏற்றிய குதிரையை மனிதனே இறக்கினான். இனித் துவக்கு தன்னைத் தானே ஏற்றிக்கொள்ளும். இறக்குவது யார்?

1897 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள எஃப்.என். தொழிற்சாலையோடு அவர் உடன்படிக்கை செய்தார். அங்கே உருவாகி 1900 ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கி வந்த கைத்துப்பாக்கியில் வெளியே குதிரை இல்லை. குழலின் மேல் நகரும் உறைக்குள்ளே நீண்ட ஊசியொன்று வில்லின் வலிமையால் பின்னே இழுபட்டு நிற்கும். விசையை அழுத்தினால், அதைப் பற்றியிருந்த கொளுக்கி விலக, ஊசி பாய்ந்து தோட்டாவைக் குத்தும். கூரையும் வேலியும் கட்ட நாம் எடுக்கும் குத்தூசியின் பெயரையே அதற்கும் இடலாம். சட்டையிற் சிக்கக் குதிரை இல்லை. தூசி புக வழி குறைவு. சட்டைப் பைக்குள் அடங்கும். வாங்குவோருக்கு இவையெல்லாம் வசதி. ஆனால் குதிரை ஏறி நின்றால் கண்ணுக்குத் தெரியும். இருளிலே விரலுக்கும் தெரியும். குத்தூசியோ உறைக்குள் மறைந்து கிடக்கிறது. அது விறைத்து நிற்கிறதா தளர்ந்து கிடக்கிறதா என்று பார்த்தவுடன் அறிவது எளிதன்று. பிடித்து மெல்ல இறக்கவும் பிடி இல்லை.

இக்குறையைப் பிரௌனிங் உணர்ந்தே இருந்தார் என்பதற்கு அக்கைத்துப்பாக்கியே சான்று. அதிலுள்ள ஒரு சிறு நெம்புகோல், குத்தூசி தளர்ந்திருக்கும்போது உயர்ந்து நின்று குறிபார்க்கும் இடைவெளியை மறைக்கும். விறைத்ததும் தாழ்ந்து வழிவிடும். மறைவில் நடப்பதை வெளியே அறிவிக்க அவர் கண்ட உபாயம் அது. அறிவித்தாரேயன்றி இறக்குவதற்கு வழி வைத்தாரல்லர். தோட்டாக்களை எடுத்துவிட்டு, அறை வெறுமை என்று உறுதிசெய்து, விசையை அழுத்தியே வில்லைத் தளர்த்த வேண்டும். சுடுவதற்கும் சுடாதிருப்பதற்கும் ஒரே விசை. நடுவே நிற்பது மனிதனின் ஞாபகம் மட்டுமே.

அக்கைத்துப்பாக்கிகள் உலகெங்கும் பரவின. 1909 இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் மறைவாக அனுப்பிய பிரௌனிங்குகளுள் ஒன்றே அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் நகரிற் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. 1911 ஜூன் 17 ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும், பின்னர்த் தன் உயிரைப் போக்கிக்கொண்டதும் பெல்ஜியத்திற் செய்த பிரௌனிங்கினால்தான். 1914 ஜூன் 28 இல் சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசரின் உயிரைக் குடித்து உலகப் போருக்கு வாயில் திறந்ததும் அவருடைய 1910 ஆம் ஆண்டு அமைப்பே. ஒக்டன் பட்டறைக்காரர் இவர்களுள் எவரையும் அறியார். கருவி செய்தவனுக்கும் அதை ஏந்துபவனுக்கும் இடையே எவ்வளவு கடல் கிடக்கிறது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டா.

அந்த 1910 ஆம் ஆண்டு அமைப்பும் குத்தூசி வகையே. அதற்கு மூன்று காவல்கள். விரலால் தள்ளும் பூட்டு ஒன்று. உள்ளங்கை பிடியை இறுக்கினாலன்றி விசை இயங்காதிருக்கச் செய்யும் தடை ஒன்று. தோட்டாக்கூட்டை உருவியதும் விசையைச் செயலறச் செய்யும் தடை மற்றொன்று. மூன்றாவது காவலில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டை உருவிவிட்டால் விசை இயங்காது. விசை இயங்காவிட்டால் வில் தளராது. ஆகவே, வில்லைத் தளர்த்த விரும்புபவன் வெறுங்கூட்டைத் திரும்பச் செருகியே விசையை அழுத்த வேண்டும். வெடியாதிருக்க வைத்த காவலே இறக்குவதற்கு இடையூறாயிற்று. தடுப்பது வேறு, தணிப்பது வேறு என்பதை இதைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே காலத்தில் அமெரிக்கப் படைக்கென அவர் செய்த கைத்துப்பாக்கி வெளியே குதிரை உடையது. 1911 மார்ச்சில் 6,000 தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டுச் சோதித்தபோதும் அது ஒருமுறையேனும் தடைப்படவில்லை. அம்மாத இறுதியிற் படை அதனை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னரே, கடிவாளத்தை ஒரு கையிற் பிடித்திருக்கும் குதிரைப்படை வீரன் மறுகையின் பெருவிரலாலேயே ஏறிய துப்பாக்கியைப் பூட்டிவைக்க வழி வேண்டுமென்று படையினர் கேட்க, அவர் அப்பூட்டைச் சேர்த்துக் கொடுத்தார். அங்கும் கிடைத்தது பூட்டு, இறக்கம் அன்று.

முதல் உலகப் போரில் அமெரிக்கா நுழைந்தபோது, அவருடைய இயந்திரத் துவக்கு 20,000 தோட்டாக்களை இடையூறின்றிச் சுட்டுக் காண்பிக்கப்பட்டது. தமக்கு வரக்கூடிய பெருந்தொகையை விட்டு, அரசு கொடுத்த 7,50,000 டொலரை அவர் வாதாடாமல் ஏற்றார். அப்போரின் முடிவிலே அவர் தொடங்கிய கனரக இயந்திரத் துவக்கே, அவர் மறைவுக்குப் பின் செம்மை செய்யப்பட்டு, ஐம்பது கலிபர் என்னும் பெயரால் உலகப் படைகளிடம் சேர்ந்தது. அப்பெயரை வன்னியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு ஓசையைக் கேட்டே அதை இனங்கண்ட பிள்ளைகள் நம்மிடையே வளர்ந்தார்கள். எழுபது ஆண்டு முன்னர் யூட்டாவிற் பிறந்த ஒரு சிந்தனை, நம் முற்றத்து வேம்பைத் துளைத்தது.

1926 நவம்பர் 26 ஆம் நாள், லியேஜ் தொழிற்சாலையில், தம் மகனின் வேலைக்கூடத்தில் இருக்கும்போதே இதயம் நின்று பிரௌனிங் காலமானார். வயது 71. அவர் பெற்றிருந்த காப்புரிமைகள் 128. அவர் முடிக்காமல் விட்டுச் சென்றவற்றுள் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தது. 1922 இல் அவர் செய்த முதல் மாதிரி குத்தூசி வகை. தொழிற்சாலையின் சைவ் என்னும் பெல்ஜியர் அதைப் பல்லாண்டு திருத்தி 1935 இல் முடித்தபோது, மறைந்த குத்தூசி போய், கண்ணுக்குத் தெரியும் குதிரை வந்திருந்தது. இந்தியாவின் இச்சாப்பூர்த் தொழிற்சாலை பின்னாளிற் செய்த 9 மில்லிமீற்றர்க் கைத்துப்பாக்கி அவ்வழி வந்ததே.

நான் தேடிய விடை, அவர் மறைந்த பின் வேறு கைகளிற் பிறந்தது. 1929 இல் ஜெர்மனியின் வால்தர் தொழிற்சாலை வெளியிட்ட கைத்துப்பாக்கியில் ஒரு சிறு நெம்பைத் தாழ்த்தினால், முதலில் உருக்குத் தடையொன்று குறுக்கே வந்து ஊசியை மறைக்கும். அதன் பின்னரே குதிரை விடுபட்டு அத்தடையின்மேல் விழும். தோட்டா அறையில் இருந்தாலும் வெடிப்பதில்லை. குத்தூசி வகைக்கு இவ்வசதி வர மேலும் நெடுங்காலம் சென்றது. 1990 களின் பிற்பகுதியில் அதே தொழிற்சாலை செய்த ஒன்றில், மேலுறையில் பதித்த ஒரு குமிழை அழுத்தினாற் போதும். கொளுக்கி விலகி வில் தளரும். முன்னே நகரும் ஊசியை உள்ளிருக்கும் தடை தாங்கிக்கொள்ளும். விசையை விரல் தொடவே வேண்டுவதில்லை. இவ்வமைப்புகளின் உயிர், வரிசையில் இருக்கிறது. முதலில் வழியை அடைக்க வேண்டும். பின்னரே விறைத்ததை விட வேண்டும். வரிசை மாறினால் அதுவும் மற்றொரு விசையே. அத்தகைய குமிழ் இல்லாத பல கைத்துப்பாக்கிகளில், துடைப்பதற்காகப் பிரிக்குமுன் விசையை அழுத்தியாக வேண்டும். அறையிலே தோட்டா கிடப்பதை மறந்து தம்மையோ அருகிருந்தோரையோ சுட்டவர்கள் பல நாடுகளில் உண்டு.

பிரௌனிங்கின் திறமையிற் குறை காண்பது என் நோக்கமன்று. வீணாகும் காற்றைக் கண்டு வேலை வாங்கிய கண் அவருடையது. ஆனால் அவரிடம் வந்தவர்கள் கேட்டதெல்லாம் தடையின்றிச் சுடுவதைத்தான். பூட்டைக் கேட்டபோது பூட்டைக் கொடுத்தார். ஏற்றியதை வெடிக்காமல் இறக்கித் தருமாறு கேட்பதற்கு உலகம் காலந்தாழ்த்தியது. ஏற்றுவது வலிமையின் வேலை. இறக்குவதற்கோ, வலிமையைக் கையில் வைத்துக்கொண்டே அதை வேண்டாமென்று விடும் அறிவு வேண்டும். அவ்வறிவை மனிதனின் பெருவிரலுக்கு விட்டுவிடாமல் இரும்புக்குள்ளேயே வைத்தவர்களையும் மேதைகள் என்றே நான் கருதுகிறேன்.

காட்டுப் பாதையிற் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும், மண்ணுக்குள் புதைத்த மிதிவெடியும் இறக்க வழியில்லாமல் ஏற்றப்பட்டவை. ஏற்றியவன் போய்விட்டான், வில் மட்டும் விறைத்தபடி விழித்திருக்கிறது. போர் ஓய்ந்து பல்லாண்டு சென்ற பின்னும், வன்னியின் வயலோரங்களில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி அவற்றைத் தணித்தவர்களுட் பலர் நம் ஊர்ப் பெண்கள். பிரௌனிங்கின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் விட்டுச் சென்ற பாதி வேலையை முடிப்பவர்கள் அவர்களே.