லாங்கர்ஹான்ஸ்: கணையத்துக்குள் ‘தீவு’களைப் பார்த்த 21 வயது மாணவர்

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘லாங்கர்ஹான் திட்டுகள்’ என்று படித்திருப்பீர்கள். ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தும் போயிருப்பீர்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான டாக்டர், தான் பார்த்தது என்ன என்று கடைசிவரை தெரியாமலே இறந்துபோனவர். இன்று சர்க்கரை நோய்க்கான முக்கியமான ஆராய்ச்சி ஒன்று அவர் பார்த்த இடத்தில்தான் நடக்கிறது.

பால் லாங்கர்ஹான்ஸ் 1847 ஜூலை 25 அன்று பெர்லினில் பிறந்தார். அப்பா டாக்டர். அம்மா, பால் சிறுவனாக இருக்கும்போதே காசநோயில் இறந்துவிட்டார். பையனும் மருத்துவம் படிக்கப் போனார். பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோவின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. அந்தக் காலத்து மருத்துவ மாணவனுக்கு அது பெரிய அதிர்ஷ்டம்.

1868-ல், மாணவராக இருந்தபோதே, மனிதத் தோலைத் தங்கக் குளோரைடில் நனைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கிளை விரித்த சில செல்கள் தெரிந்தன. நரம்பு செல்கள் என்று நினைத்தார். அவை நோய் எதிர்ப்பு செல்கள் என்பது தெரியவர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அவற்றுக்கும் அவர் பெயர்தான்.

அடுத்த வருடம் பட்டத்துக்கான ஆய்வுக்கு முயலின் கணையத்தை எடுத்துக்கொண்டார். கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கும் செல்கள். அவற்றுக்கு நடுவே, நிறம் குறைந்த சின்னச் சின்ன செல்கள் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கும்பலும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லை. பார்த்ததைத் துல்லியமாக எழுதினார். எதற்காக இருக்கின்றன என்று தெரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். ஏதாவது ஒரு விளக்கத்தைச் சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம், செய்யவில்லை. அப்போது வயது 21.

பிறகு எகிப்து, சிரியா, பாலஸ்தீனம் என்று பயணம். பிரான்ஸ் - பிரஷ்யா போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை. ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் வேலை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, 1874-ல் அம்மாவைக் கொண்டுபோன அதே காசநோய் வந்தது. இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று அலைந்தும் குணமாகவில்லை. 1875-ல், போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். பேராசிரியர் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

சும்மா இருக்கவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும், தன்னைப் போலவே காசநோயோடு தீவுக்கு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். கடல் புழுக்களை ஆராய்ந்தார். ஒரு புழு இனத்துக்கு ஆசிரியர் விர்ச்சோவின் பெயரையே வைத்தார். (இதைவிட விநோதமான குருதட்சணை கிடைப்பது கஷ்டம்.) 1885-ல் தன்னிடம் சிகிச்சை பெற்ற ஒருவரின் விதவை மனைவியைத் திருமணம் செய்துகொண்டார். மூன்றே வருடம். சிறுநீரகம் செயலிழந்து 1888 ஜூலை 20 அன்று இறந்தார். 41-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் பாக்கி.

அடுத்த வருடமே, 1889-ல், மிங்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. 1893-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லாகெஸ் அந்த செல் கும்பல்களுக்கு லாங்கர்ஹான்ஸ் பெயரைச் சூட்டினார். அவர் பயன்படுத்திய சொல்லுக்குக் குட்டித் தீவு என்று பொருள். நம் பாடநூலில் அது திட்டு ஆனது. 1921-ல் டொரண்டோவில் பேன்டிங் குழு இன்சுலினைப் பிரித்தெடுத்தது. அது சுரக்கும் இடம் அந்தத் திட்டுகள்தான்.

டைப் 1 சர்க்கரை நோயில், உடலின் எதிர்ப்பு சக்தியே திட்டுகளில் உள்ள பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. (நம் ஊரில் அதிகம் பார்ப்பது டைப் 2, அது வேறு கதை.) இன்சுலின் ஊசி உயிரைக் காக்கும். ஆனால் பீட்டா செல் சர்க்கரையின் அளவை நொடிக்கு நொடி பார்த்துச் சுரக்கும், ஊசிக்கு அது தெரியாது. டோஸ் கொஞ்சம் கூடினாலோ சாப்பாடு தள்ளிப்போனாலோ சர்க்கரை சரிந்துவிடும். பல வருடம் ஆனவர்களில் சிலருக்கு நடுக்கம், வியர்வை என்ற எச்சரிக்கைகூட வராது. போளூரில் பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பவரோ சென்னையில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரோ, பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கிவிடலாம்.

அப்படியானால் திட்டுகளையே மாற்றிவைத்தால்? பெயர் சூட்டப்பட்ட அதே 1893-ல், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 15 வயதுச் சிறுவனின் தோலுக்கடியில் ஆட்டின் கணையத் துண்டுகளை வைத்துப் பார்த்தார்கள். மூன்று நாளில் சிறுவன் இறந்துவிட்டான். 2000-ல்தான் கனடாவின் எட்மன்டனில் பலன் கிடைத்தது. இறந்தவர்கள் தானமளித்த கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். ஏழு பேருக்கும் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் ஐந்து வருடத் தொடர் ஆய்வில், சுமார் பத்தில் ஒருவர்தான் ஊசியில்லாமல் இருந்தார். அதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலானவர்களின் திட்டுகள் கொஞ்சமாவது இன்சுலின் சுரந்தன. சர்க்கரையின் ஏற்ற இறக்கம் அடங்கியது. எச்சரிக்கையில்லாமல் மயங்குபவருக்கு ஊசி நிற்பதைவிட இதுதான் பெரிய விஷயம்.

தானக் கணையங்கள் குறைவு. அதனால் இப்போது ஸ்டெம் செல்லிலிருந்து திட்டுகளை ஆய்வுக்கூடத்திலேயே வளர்க்கிறார்கள். 2025-ல் வெளியான ஆய்வில், முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசி போடவில்லை. உடல் அந்தத் திட்டுகளை நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை அவர்களும் சாப்பிட வேண்டும். தொற்று, சிறுநீரகப் பாதிப்பு போன்ற ஆபத்துகள் அவற்றில் உண்டு. அந்த மருந்து தேவைப்படாத திட்டுகளுக்காகத்தான் இப்போது பல ஆய்வுக்கூடங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன.