ஜோர்ஜ் குளோட்: நியான் ஒளியும் ஓர் ஆயுள் தண்டனையும்

உலக நகரங்களின் இரவுகளுக்குச் செந்நிறம் தந்த நியான் விளக்கை உருவாக்கியவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஜோர்ஜ் குளோட். அதே குளோட்டுக்கு 1945இல் அவரது நாட்டின் நீதிமன்றம் ஆயுள் சிறைத்தண்டனை விதித்தது.

1870 செப்டம்பரில் பாரிஸில் பிறந்த குளோட், வெடிக்கும் தன்மை கொண்ட அசிட்டிலின் வாயுவை அசிட்டோனில் கரைத்துப் பாதுகாப்பாகக் கையாளும் முறையை 1890களில் கண்டறிந்தார். பின்னர் காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் முறையை மேம்படுத்தினார். 1902இல் போல் டெலோர்முடன் இணைந்து ஏர் லிக்கிட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இந்தத் தயாரிப்பின்போது நியான் உபபொருளாகக் கிடைத்தது. காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 18 பங்கு மட்டுமே உள்ள இந்த வாயுவை, வில்லியம் ராம்சேயும் மொரிஸ் டிராவர்ஸும் 1898இல் லண்டனில் கண்டுபிடித்திருந்தனர். அதை விளக்காக்கும் முயற்சியில் இறங்கிய குளோட், 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் வாகனக் கண்காட்சியில் நீண்ட நியான் குழாய்களை ஒளிரவிட்டார்.

நியான் குழாயை ஒளிரச் செய்வதைவிட, அணையாமல் காப்பதே கடினம். உயர் மின்னழுத்தம் கொடுத்தால்தான் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். தொடங்கிய பின்னர் மின்னோட்டம் கட்டுமீறி உயரும் என்பதால் அதை மட்டுப்படுத்தியாக வேண்டும். மின்முனைகளிலிருந்து தெறிக்கும் உலோகத் துகள்கள் வாயுவைச் சிறைப்பிடித்து, நாளடைவில் குழாயைச் செயலிழக்கச் செய்தன. மின்முனைகளின் பரப்பைப் பெரிதாக்கி இதற்குத் தீர்வு கண்ட குளோட், 1915இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

பிற்காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் தயாரான ஐஎன்-9, ஐஎன்-13 அளவுகாட்டிக் குழாய்களும் நியான் ஒளியையே பயன்படுத்தின. மின்னோட்டம் கூடக் கூட இவற்றில் ஒளிக்கோடு நீளும். ஆனால் ஐஎன்-9இல் அக்கோடு சில வேளைகளில் அடியில் தொடங்காமல் இடையில் தோன்றிவிடும். ஐஎன்-13இல் உள்ள துணை மின்முனை, ஒளி அடியிலிருந்தே தொடங்க உதவுகிறது. இவற்றுக்கும் மின்தடை ஒன்றைத் தொடராக இணைப்பது அவசியம்.

1924இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் குளோட்டை உறுப்பினராக்கியது. கடலின் மேற்பரப்புக்கும் ஆழத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்க அவர் தமது செல்வத்தைச் செலவிட்டார். 1930இல் கியூபாவின் மத்தான்சாஸில் அமைத்த நிலையம் 22 கிலோவாட் மின்சாரம் தந்தது. ஆனால் அதை இயக்க அதைவிடக் கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டது. பின்னர் பிரேசில் கடற்பகுதியில் கப்பலொன்றில் மேற்கொண்ட முயற்சியும் கைகூடவில்லை.

நாடாளுமன்ற ஆட்சியை வெறுத்து மன்னராட்சியை ஆதரித்து வந்த குளோட், 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது ஆக்கிரமிப்பாளர்களுடன் ஒத்துழைக்குமாறு வெளிப்படையாகப் பிரசாரம் செய்தார். விடுதலைக்குப் பின், 1944இல், அறிவியல் கழகம் அவரை நீக்கியது. மறு ஆண்டு நடந்த விசாரணையில், ஜெர்மனியின் வி-1 ஏவுகணை உருவாக்கத்துக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டு மட்டும் நிரூபிக்கப்படவில்லை. அறிவியல் சாதனைகள் அவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை. எனினும் நண்பர்களின் முயற்சியால், சிறைப்பட்டுச் சுமார் ஐந்தாண்டுகளில் அவர் விடுதலையானார்.

1960 மே மாதம், தமது 89ஆவது வயதில் குளோட் காலமானார். ஏர் லிக்கிட் இன்று உலகின் மிகப்பெரிய தொழிற்துறை வாயு நிறுவனங்களுள் ஒன்று. அவரது நியான் விளக்கு உலகெங்கும் பரவியது. கழகம் பறித்த இருக்கை மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.