பெரியார் ஒரு காலத்தில் ஈரோடு சேர்மன்! காவிரித் தண்ணீர் குழாயில் வந்த கதை தெரியுமா?

பெரியார் என்றதும் வெண்தாடி, கருப்புச் சட்டை, கைத்தடி, அனல் பறக்கும் மேடைப் பேச்சுதான் நினைவுக்கு வரும். ஆனா, அதுக்கெல்லாம் முன்னாடி ஈரோட்டுக்காரங்களுக்கு அவர் வேற மாதிரி அறிமுகம். முதலில் மண்டி முதலாளி, அப்புறம் முனிசிபல் சேர்மன். தெரு விளக்கு எரியலைன்னாலும், சாக்கடை அடைச்சாலும், தண்ணி வரலைன்னாலும் ஊர் போய் நிற்கும் நாற்காலி அது.

அந்த நாற்காலியில் அவர் என்ன செய்தார்? நல்லா போய்க்கிட்டு இருந்த பதவியை ஏன் தூக்கிப் போட்டார்?

மண்டிக்கு வந்த பையன்

1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் பிறந்தவர் ஈ.வெ.ராமசாமி. அப்பா வெங்கட்ட நாயக்கர், கஷ்டப்பட்டு உழைத்து பெரிய வியாபாரியாக உயர்ந்தவர். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. பையனுக்கோ படிப்பு ஏறலை. சில வருடங்களிலேயே பள்ளிக்கூடத்தை நிறுத்தி, கடையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பள்ளி நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் அவர் கடைசி வரை மறக்கவில்லை. தாகம் எடுத்து வாத்தியார் வீட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறார். டம்ளரைக் கையில் தராமல் கீழே வைத்திருக்கிறார்கள். வாய் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குடித்து முடித்ததும் அந்த டம்ளர் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுத்துப் போயிருக்கிறார்கள். பணக்கார வீட்டுப் பையனுக்கே இந்த நிலைமை. மற்றவர்கள் கதி?

1904-ல் வீட்டில் கோபித்துக்கொண்டு காசிக்குப் போனார். அங்கே சத்திரங்களில் சாதி பார்த்துச் சோறு மறுக்கப்பட்டது. பட்டினி கிடந்து, அலைந்து திரிந்து ஊர் திரும்பினார். திரும்பி வந்த மகன் பெயரிலேயே மண்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார் அப்பா.

ஊர் வேலைக்கு வந்தது எப்படி?

வியாபாரி என்றால் ஊரில் நாலு பேர் பழக்கம், வழக்கு வந்தால் பஞ்சாயத்து, கோயில் கணக்கு என்று எல்லாம் தேடி வரும். ராமசாமிக்கும் வந்தது. ஈரோட்டில் பிளேக் பரவி, சொந்தக்காரர்களே பிணத்தைத் தொட பயந்து ஓடிய நேரத்தில், அவர் முன்னால் நின்று உடல்களைத் தோளில் சுமந்து அப்புறப்படுத்தினார். ஊர் அதை மறக்கலை.

அதன் பிறகு பதவிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கௌரவ மாஜிஸ்திரேட், தாலுகா போர்டு, ஏன், தேவஸ்தான கமிட்டித் தலைவர் பதவி கூட வந்தது. பின்னாளில் கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசியவர், கோயில் கணக்கு வழக்கை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர் என்று பெயர் எடுத்தவர் என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். நம்பிக்கை வேறு, பொதுப் பணத்துக்குப் பொறுப்பு வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

சேர்மன் பதவி என்றால் என்ன?

ஈரோடு நகராட்சி 1871-ல் தொடங்கப்பட்டது. முதல் உலகப்போர் முடியும் காலகட்டத்தில் அதன் தலைவர் ஆனார் ராமசாமி. அன்றைக்கு மாகாணத்தின் நகராட்சிகள் எல்லாம் 1884-ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் நடந்தன. சேர்மனுக்குச் சம்பளம் கிடையாது. ஓட்டுரிமையும் எல்லாருக்கும் இல்லை. வரி கட்டும் வசதி உள்ளவர்களுக்குத்தான். வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி என்று வருவதை வைத்துத்தான் தெரு, விளக்கு, துப்புரவு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பார்க்கணும். பெரிய வேலை எதுவானாலும் மாகாண அரசிடம் கடனோ மானியமோ கேட்டு நிற்கணும்.

அந்தக் காலத்து ஊர்களுக்குப் பெரிய தலைவலி தண்ணீர். ஈரோட்டின் கிழக்குப் பக்கம் காவிரி ஓடுகிறது. ஆனா, ஆறு பக்கத்தில் இருப்பது வேறு, வீட்டுப் பானையில் தண்ணீர் இருப்பது வேறு. கிணறு இருப்பவர் இறைத்துக்கொள்வார். வசதி உள்ளவர் ஆள் வைத்துச் சுமந்து வரச் சொல்வார். மற்றவர்கள் குடத்தோடு நடக்கணும். சுத்தமில்லாத தண்ணீரோடு காலராவும் வரும்.

அவர் தலைவராக இருந்த காலத்தில்தான் ஈரோட்டுக்குக் குழாய்க் குடிநீர் வந்தது. கேட்க எளிதாக இருக்கும். ஆற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, மேட்டில் தேக்கி, தெருத் தெருவாகக் குழாய் பதிக்கிற வேலை அது. இன்றைக்கும் ஒரு நகராட்சி குடிநீர்த் திட்டம் கொண்டுவரணும்னா எவ்வளவு நாள் ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு அதன் கனம் புரியும்.

சேலத்தில் ஒரு நண்பர்

அதே காலத்தில், 1917 முதல் 1919 வரை, பக்கத்து ஊரான சேலத்தில் நகராட்சித் தலைவராக இருந்தவர் வக்கீல் ராஜாஜி. அவர் காலத்தில்தான் சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் தேர்வானார். ரெண்டு ஊர் சேர்மன்களும் நண்பர்கள் ஆனார்கள். பின்னாளில் அரசியலில் எதிரெதிர் துருவம். ஆனாலும் அந்த நட்பு ராஜாஜி 1972-ல் இறக்கும் வரை விட்டுப்போகலை.

காங்கிரசுக்கு வரச் சொல்லி ஈரோட்டுக்காரரை அழைத்தவரும் ராஜாஜிதான்.

29 பதவிகள், ஒரே முடிவு

1919. ஜாலியன்வாலாபாக் படுகொலை நாட்டையே உலுக்கிய வருடம். ராமசாமி காங்கிரசில் சேர்ந்தார். அப்போது அவர் கையில் இருந்த பொதுப் பதவிகள் 29 என்று கணக்குச் சொல்வார்கள். நகராட்சித் தலைவர் பதவி உட்பட எல்லாவற்றையும் ராஜினாமா செய்தார். நல்ல வருமானம் தந்த வியாபாரத்தையும் விட்டார். பட்டும் சரிகையும் போய் கதர் வந்தது.

இது லேசான முடிவு இல்லை. சேர்மனாக இருந்தால் செய்ற வேலை கண்ணுக்குத் தெரியும். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். போராட்டத்துக்குப் போனால் கிடைப்பது ஜெயில்தான், பலன் எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. அவர் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1921-ல் கள்ளுக்கடை மறியல். தன் தோப்பில் இருந்த சுமார் 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். சிறைக்கும் போனார். மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் மறியலைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

மறுபடியும் தெரு, மறுபடியும் தண்ணீர்

நகராட்சியை விட்டாலும் நகராட்சிக் கேள்விகள் அவரை விடலை. 1924-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கத் தடை. பிரச்சினை கோயிலுக்குள் போவது கூட இல்லை, வெறும் தெருவில் நடப்பது. அங்கே போய்ப் போராடி ரெண்டு முறை சிறை சென்றார்.

அடுத்து சேரன்மாதேவி குருகுலம். காங்கிரஸ் நிதி பெற்ற அந்தப் பள்ளியில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி, மற்றவர்களுக்குத் தனிப் பந்தி. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் இதெப்படி என்று கேட்டார். 1925-ல் குடி அரசு இதழைத் தொடங்கினார். அதே வருடம் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டு வெளியேறினார்.

இந்தச் சண்டை அவருடையது மட்டும் இல்லை. பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் பொதுவானவை என்று 1924-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் ஆர்.வீரையன். வரிப் பணத்தில் போட்ட ரோட்டில் நடக்கவே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது.

அதாவது, ரோடு போடுவதும் குழாய் போடுவதும் பாதி வேலைதான். அந்த ரோட்டில் யார் நடக்கலாம், அந்தக் குழாயில் யார் குடம் வைக்கலாம் என்பது மீதி வேலை. முதல் பாதியை ஒரு சேர்மன் செய்து முடிக்கலாம். ரெண்டாவது பாதிக்கு நாற்காலி போதவில்லை.

அப்புறம் பதவி பக்கமே போகலை

1919-க்குப் பிறகு அரசுப் பதவி எதிலும் அவர் உட்காரவில்லை. நீதிக்கட்சியின் தலைவராக இருந்த காலத்தில், 1940களில், மாகாண முதல்வர் பொறுப்பேற்க அழைப்பு வந்தபோதும் மறுத்தார். 1973 டிசம்பர் 24-ல் வேலூரில் காலமானபோது அவருக்கு வயது 94.

ஈரோட்டில் அவர் வாழ்ந்த வீடு இன்று பெரியார் அண்ணா நினைவு இல்லம். அந்த ஊர் நகராட்சி 2008-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் பல மடங்கு பெருகிவிட்டது. ஆனா, இன்றைக்கும் ஈரோட்டுக் குழாயைத் திறந்தால் வருவது அதே காவிரித் தண்ணீர்தான்.