ஜி. சுப்பிரமணிய ஐயர்: பத்திரிகையும் மக்கள் நம்பிக்கையும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழு அன்பர்கள் பணித்தனர். நாம் புலவரல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் எளியோம். எனினும் அண்மையில் கண்ட ஒரு காட்சி ஒரு பெரியாரின் வரலாற்றை நம் நினைவிற்குக் கொணர்ந்தது. அதனையே இங்கு எழுதத் துணிந்தோம்.

பொங்கலை ஒட்டிய ஓரிரவில் நாம் விசாரணைச் சாளரத்தில் அமர்ந்திருந்தோம். நம்மூர்க் குடும்பமொன்று வந்து, சென்னைக்குச் சிறப்பு வண்டி விடப்படுவதாகக் கைப்பேசியில் வந்திருந்த செய்தியைக் காட்டிற்று. அவ்வாறு ஒரு வண்டி இல்லை என்று கூறி, அன்றைய வண்டிகளின் பட்டியலையும் காட்டினோம். அவர்கள் நம்பவில்லை. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரைத் தில்லிக் குளிரில் நடைமேடையில் அமர்த்திவிட்டு, நள்ளிரவு கடந்தும் வாராத வண்டிக்காகக் காத்திருந்தனர். அச்செய்தியை எழுதியவர் எவரென்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பேரும் ஊரும் இல்லாத ஒரு வரியை மக்கள் நம்பினர். எதிரே அமர்ந்து பதில் சொல்லும் மனிதனை நம்பவில்லை.

நம் தந்தையார் கரோல்பாகில் குடியிருந்த நாளில், சென்னையிலிருந்து 'சுதேசமித்திரன்' தபாலில் சில நாள் கழித்தே வந்து சேருமாம். ஒரே பிரதி நான்கு வீடுகளுக்குச் செல்லுமாம். செய்தி பழையதாயினும் அது மெய் என்பதில் எவருக்கும் ஐயமிருந்ததில்லை என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நம்பிக்கைக்கு அடிக்கல் நாட்டியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் 1855 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஐயர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தஞ்சையில் பயின்று, சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளி ஆசிரியரானார். வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் படித்து 1877 இல் பி.ஏ. தேறினார். செல்வமோ செல்வாக்கோ அவருக்குத் துணை நிற்கவில்லை.

1878 இல் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமனம் பெற்றார். ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் அதனை இகழ்ந்து எழுதின. மறுமொழி கூற நம்மவர்க்கு ஓர் ஏடு இல்லை. மனம் பொறாத இளைஞர் அறுவர் ஒன்றுகூடினர். சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், ஏனைய நால்வரும் சட்ட மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாகப் பெற்று, 1878 செப்டம்பர் 20 ஆம் நாள் 'தி ஹிந்து' என்னும் வார ஏட்டை எண்பது பிரதிகளாக வெளியிட்டனர். மற்ற நால்வரும் பின்னர்த் தத்தம் தொழிலை நாடிச் செல்லவே, ஐயர் ஆசிரியராகவும் ஆச்சாரியார் நிர்வாகியாகவும் நின்று அதனை வளர்த்தனர். அது 1883 இல் வாரம் மும்முறை ஏடாகவும், 1889 இல் நாளேடாகவும் உயர்ந்தது.

1885 இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபையில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஐயரே. 1897 இல் இலண்டன் சென்று, இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் அளித்தார். ஆனால் ஆங்கிலம் அறிந்த சிலரிடம் மட்டும் பேசினால் தேசம் விழிக்காது என்பதை அவர் முன்பே உணர்ந்திருந்தார். ஆதலின் 1882 இலேயே 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வார ஏட்டைத் தொடங்கினார். அரசியலையும் பொருளாதாரத்தையும் உரைநடைத் தமிழில் எடுத்துரைக்க அன்று போதிய சொற்கள் வழக்கில் இல்லை. எழுத எழுதவே சொற்களையும் ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐயரின் பெருமை எழுத்தோடு நின்றதன்று. இளம் விதவைகள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று எழுதி வந்தவர், தம் வீட்டிலேயே அந்தச் சோதனையை எதிர்கொண்டார். சிறு வயதிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு, 1889 இல் பம்பாயில் காங்கிரஸ் கூடிய சமயத்தில், மறுமணம் செய்வித்தார். உற்றாரும் சாதியாரும் அவரை ஒதுக்கினர். நண்பருள்ளும் பலர் விலகினர். அவர் கலங்கவில்லை. ஊருக்கு ஒன்று எழுதித் தம் வீட்டில் வேறொன்று செய்பவர் அல்லர் என்பதைப் பகைவரும் ஒப்பினர். பத்திரிகாசிரியனுக்கு இதனினும் மேலான நற்சான்று வேறு என்ன வேண்டும்?

ஆயினும் அந்நேர்மைக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. சீர்திருத்தக் கட்டுரைகள் ஆசாரம் மிக்க சந்தாதாரர்களை வருத்தின. அஞ்சாத எழுத்து மானநஷ்ட வழக்குகளைக் கொணர்ந்தது. வழக்குகள் பணத்தை விழுங்கின. பத்திரிகையின் வரவு செலவைக் கவனிக்கும் பொறுப்பு வீரராகவாச்சாரியாருடையது. ஐயருக்கோ கொள்கையே பெரிது. இருவரும் நல்லவரே, எனினும் ஒத்துச் செல்ல இயலவில்லை. 1898 இல் ஐயர் தாம் பிறப்பித்த ஏட்டை விட்டு வெளியேறினார்.

அதன்பின் நேர்ந்ததை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஐயர் சென்றபின் வழக்குகள் குறைந்தன, பகையும் குறைந்தது. அத்துடன் ஏட்டின் உயிர்ப்பும் குறைந்தது. படிப்பவர் பலரும் சந்தாவைக் காலத்தில் செலுத்தவில்லை. நாட்டின் குரலாக விளங்கிய நாளேட்டின் விற்பனை எண்ணூறு பிரதிகளாகச் சுருங்கிற்று. 1905 இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதனை எழுபத்தையாயிரம் ரூபாய்க்கு வாங்கி, மீண்டும் நிலைநிறுத்தினார். அச்சுக்கூடம் இருந்தது, பெயர் இருந்தது, காகிதமும் மையும் இருந்தன. இத்தனையும் இருந்தும் ஓர் ஏடு தேயக்கூடும் என்பதற்கு அந்த ஏழு ஆண்டுகளே சான்று.

வெளியேறிய ஐயர் முழு மனத்துடன் தமிழின் பக்கம் திரும்பினார். 1899 இல் சுதேசமித்திரன் நாளேடாயிற்று. 1904 இல், மதுரையில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை அழைத்து உதவியாசிரியர் ஆக்கினார். அவரே சுப்பிரமணிய பாரதியார்.

பெரியோர் வரலாற்றில் நிழலும் உண்டு. அதனை மறைத்தல் அழகன்று. 1908 இல் ஐயர் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்றுக் கைதானார். தொழுநோயால் உடல் நலிந்திருந்த அவர், நன்னடத்தைக்கு உறுதி எழுதிக் கொடுத்து விடுதலையானார். அன்பர் சிலருக்கு இது மனவருத்தமாயிற்று. நோயின் கொடுமையை அறியாத நாம் அவரைப் பழிக்க மாட்டோம். தம் இறுதிக் காலத்தில் பத்திரிகைப் பொறுப்பை 1915 இல் அ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஏப்ரல் 18 ஆம் நாள் மறைந்தார்.

சுதேசமித்திரன் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. ரங்கசாமி ஐயங்காரும், அவருக்குப்பின் சி. ஆர். சீனிவாசனும் அதனைக் காத்தனர். ஆனால் 1934 இல் 'தினமணி'யும், 1942 இல் 'தினத்தந்தி'யும் தோன்றின. புதியவை எளிய தமிழில் பேசின. பழைய ஏட்டின் வடமொழி கலந்த நடை புதிய தலைமுறைக்கு அந்நியமாயிற்று. பாமரனோடு பேசப் பிறந்த ஏடு, பாமரன் பேசும் மொழிக்குப் பிந்திவிட்டது. சிறுகச் சிறுகத் தேய்ந்து, 1985 இல் நின்றே போயிற்று. தந்தையார் காத்திருந்த தபாலும் அத்துடன் நின்றது.

அன்பர்களே, ஒரு நாளேடு வீழ்ந்தால் குற்றம் யாருடையது? நடத்துவோரிடம் ஒரு பங்கு உண்டு. இலாபத்திற்கும் அச்சத்திற்கும் இடங்கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாது விட்டால் மக்கள் அதனை அறிந்துகொள்வர். மற்றொரு பங்கு நம்முடையது. ஐயரின் எழுத்து தம் ஆசாரத்தைத் தொட்டதும் அன்று சிலர் முகம் சுளித்தனர். படித்துவிட்டுச் சந்தாவை நிறுத்தி வைத்தோரும் இருந்தனர். இன்று நாம் இலவசமாக வருவதைப் படிக்கிறோம், நமக்கு உவப்பானதை மெய்யென்கிறோம், ஆராயாமல் பிறருக்கும் அனுப்புகிறோம். நடைமேடையில் நடுங்கிய அந்த அம்மையாருக்கு அப்பொய்யை அனுப்பியவர் பகைவராக இருந்திரார். உறவினரோ அண்டை வீட்டாரோ நல்லெண்ணத்துடன் அனுப்பியதாகவே இருக்கும்.

ஐயர் தாம் எழுதியதன் கீழ்த் தாமே நின்றார். வழக்கு வந்தபோதும் நின்றார். சுற்றம் விலகியபோதும் நின்றார். அவர் அளவு நம்மால் ஆகாது. ஒரு செய்தியை அயலாருக்குச் சொல்லுமுன், இதற்கு நாம் பொறுப்பேற்போமா என்று ஒரு கணம் எண்ணுதல் நம்மாலும் ஆகும். இத்தலைநகரில் வாழும் தமிழர் நாம், மாலைதோறும் ஒருவரையொருவர் காணும்போது பரிமாறிக்கொள்ளும் சொல் நம்பத்தக்கதாக இருக்கட்டும். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் சந்தா.

வாழ்க ஐயர் நாமம்! வளர்க நம் சங்கம்!