எர்னஸ்ட் ஓவர்ட்டன்

சார்ல்ஸ் எர்னஸ்ட் ஓவர்ட்டன் (1865 - 1933) இங்கிலாந்தில் பிறந்த உயிரியலாளர் ஆவார். உயிரணுவைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு கொழுப்பை ஒத்த பொருளால் ஆனது என்பதை, அச்சவ்வை எவரும் கண்டிராத காலத்திலேயே உய்த்துணர்ந்தவர் இவர்.

வாழ்க்கை

செஷயர் பகுதியிலுள்ள ஸ்ட்ரெட்டனில் பிறந்தார். தாய்வழியில் சார்ல்ஸ் டார்வினுக்குத் தூரத்து உறவினர். சூரிக் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று 1889-இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே கற்பித்தார். 1901-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். 1907-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார். சுவீடனில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான லூயிஸ் பெட்ரேன் இவருடைய மனைவி ஆவார்.

ஊடுபுகல் ஆய்வு

தாவர உயிரணுவைச் செறிந்த சர்க்கரைக் கரைசலில் இட்டால், நீர் வெளியேறி, உள்ளிருக்கும் பொருள் சுவரை விட்டுச் சுருங்கும். சர்க்கரை உள்ளே புக இயலாமையே இதற்குக் காரணம். அதே செறிவுடைய ஆல்ககால் கரைசலில் சுருக்கம் ஏற்படுவதில்லை. ஆல்ககால் விரைந்து உள்ளே புகுந்துவிடுகிறது. நுண்ணோக்கியால் மட்டுமே காணத்தக்க இந்த எளிய சோதனையை ஓவர்ட்டன் நூற்றுக்கணக்கான சேர்மங்களைக் கொண்டு செய்தார். நீரைவிட எண்ணெயில் எந்த அளவு மிகுதியாகக் கரைகிறதோ, அந்த அளவு விரைவாக ஒரு பொருள் உயிரணுவினுள் புகுகிறது என்பது முடிவு. இது ஓவர்ட்டன் விதி எனப்படுகிறது. சவ்வில் லெசித்தின், கொலஸ்டிரால் போன்றவை இருக்கலாம் என்றும் அவர் கருதினார். மயக்க மருந்துகளின் ஆற்றலும் கொழுப்பில் கரைதிறனைப் பொறுத்தது என்பதைத் தலைப்பிரட்டைகளைக் கொண்டு காட்டி, 1901-இல் நூலாக வெளியிட்டார். ஹான்ஸ் மேயரும் தனியே இதே முடிவுக்கு வந்திருந்தார்.

விதியின் எல்லை

எண்ணெய் ஒழுங்கற்ற நீர்மம், சவ்வோ அவ்வாறன்று. அதன் கொழுமிய மூலக்கூறுகள் இரண்டு அடுக்குகளாக, வால்கள் நெருங்கி நிற்க அமைந்துள்ளன. ஆகவே புகும் மூலக்கூறு கரைந்தால் மட்டும் போதாது, வால்களுக்கிடையே இடமும் பெறவேண்டும். நேரான வால்கள் நெருக்கமாக அடுங்கும். வளைந்த நிறைவுறா வால்கள் இடைவெளி விடும். கொலஸ்டிரால் வால்களுக்கிடையே புகுந்து அடுக்கை இறுக்கி, சிறு மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் குறைக்கிறது. ஓவர்ட்டன் அதனைக் கரைக்கும் பொருளாகவே எண்ணியிருந்தார். மிகச் சிறிய மூலக்கூறுகள் கரைதிறன் காட்டுவதைவிட விரைவாகப் புகுவதை, அவர் மறைந்த 1933-ஆம் ஆண்டிலேயே பின்லாந்தின் கொலாண்டரும் பேர்லுண்டும் காரா என்னும் பாசியில் கண்டனர்.

தவளைத் தசை உணர்ச்சியுறச் சோடியம் தேவை என்று 1902-இல் இவர் கண்டதும் குறிப்பிடத்தக்கது. அதன் முழுப்பொருள் விளங்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.