அயனிகளைக் கண்ட அரீனியஸ்

சுவீடன் நாட்டின் உப்சாலா நகருக்கருகே 1859-ஆம் ஆண்டு பிறந்தவர் ஸ்வாந்தே அரீனியஸ். உப்புக் கரைசல்களில் மின்சாரம் செலுத்தி, அவற்றின் கடத்துதிறனை அளந்து ஆராய்ந்தார். 1884-இல் அவ்வாய்வுக்குப் பல்கலைக்கழகம் அளித்ததோ மிகக் குறைந்த தரம்! அவர் சோர்ந்துவிடவில்லை, ஆய்வேட்டை அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஆஸ்ட்வால்டு என்னும் பேரறிஞர் அவரைக் காண உப்சாலாவுக்கே வந்தார். நீரில் கரைந்த உப்பு, மின்சாரம் செலுத்தாமலே மின்னூட்டமுள்ள அயனிகளாகப் பிரிந்து நிற்கிறது என்று 1887-இல் அரீனியஸ் நிறுவினார். 1903-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1927-இல் மறைந்தார். கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்களில் அயனிகள் நகர்வதை இன்றும் மின்னோட்டத்தை அளந்தே அறிகின்றனர். மதிப்பெண் குறைந்தால் கலங்கும் நாம், இறைவன் அளித்த திறமையை விடாமுயற்சியால் வளர்ப்போமாக!